கடின உழைப்புதான் நூறு வயசுக்குக் காரணமா? பாப்பம்மாள் பாட்டியை வச்சு ஒரு பதில்

"எங்க அப்பாருக்கு 84 வயசு, இன்னமும் விடிஞ்சும் விடியாம மம்பட்டியைத் தூக்கிட்டு காட்டுக்குப் போயிடறார், கோயமுத்தூர் பக்கம் தேக்கம்பட்டியில விவசாயம் பண்ண பாப்பம்மாள் பாட்டி 109 வயசு வரைக்கும் இருந்தது உழைப்பாலதானே, அப்ப இவரையும் விட்டுடலாமா, இல்ல போதும்னு நிறுத்திடலாமா"ன்னு கேட்டிருக்கீங்க. சுருக்கமா சொல்லணும்னா, விடுங்க, ஆனா உழைப்பாலதான் நூறு வயசுங்கிறது பாதிதான் உண்மை. மீதிப் பாதியைத் தெரிஞ்சுக்காம விட்டீங்கன்னா அப்பாருக்கு நல்லது பண்றதா நினைச்சு கெட்டது பண்ணிடுவீங்க. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

நான் வேளாண்மைத் துறையில களப்பணி பாத்து ரிட்டயர் ஆனவன். காடு தோட்டம்னு சுத்தினதுல வயசான விவசாயிங்களை நிறைய பாத்திருக்கேன். 90 வயசுல வாழைக்குப் பக்கக்கன்னு அறுத்தவரையும் பாத்திருக்கேன், 55 வயசுல முதுகு ஒடிஞ்சு கட்டில்ல விழுந்தவங்களையும் பாத்திருக்கேன். ரெண்டு பேரும் உழைச்சவங்கதான். பாப்பம்மாள் பாட்டியை நேர்ல பாத்ததில்ல, பேட்டியிலயும் செய்தியிலயும் பாத்ததுதான், அதை முதல்லயே சொல்லிடறேன்.

அவங்க கதையை முதல்ல சரியா பாத்துடலாம், ஏன்னா எல்லாரும் கடைசிப் பக்கத்தை மட்டும்தான் படிச்சிருக்காங்க. 2021ல பத்மஸ்ரீ அறிவிச்சாங்க, அதே வருஷம் பிப்ரவரியில கோயமுத்தூருக்கு வந்த பிரதமர் அவங்களைப் பாத்துக் கும்பிட்ட போட்டோ எல்லா போன்லயும் சுத்துச்சு, அதுக்கப்புறம் "105 வயசுல காட்டுவேலை செய்யற பாட்டி"ன்னே பேரு நின்னுபோச்சு. ஆனா அந்தப் பாட்டி பொறக்கும்போதே காடு தோட்டத்தோட பொறந்தவங்க இல்ல. 1914ல தேவலாபுரம்ங்கிற ஊர்ல பொறந்து, சின்ன வயசுலயே அப்பா அம்மா ரெண்டு பேரையும் இழந்து, அவங்களும் கூடப்பொறந்த ரெண்டு பேரும் தேக்கம்பட்டியில அப்பத்தாகிட்டதான் வளந்தாங்க. அப்பத்தா ஒரு மளிகைக்கடை வச்சிருந்தாங்க, அது பின்னால இவங்க கைக்கு வந்துச்சு, கூடவே ஒரு சாப்பாட்டுக்கடையும் போட்டாங்க. அந்த ரெண்டு கடையில சேத்த காசுலதான் கிட்டத்தட்ட 10 ஏக்கர் நிலம் வாங்கினாங்க. சோளம், பயறு வகை, காய், பழம்னு வச்சு பண்ணயம் பாத்தாங்க.

இதுல ஒரு விஷயத்தை கவனிச்சீங்களா. மழை பேஞ்சாதான் அடுப்பு எரியும்ங்கிற நிலைமையில அவங்க விவசாயத்துக்கு வரல. கடை வருமானம் ஒரு பக்கம் இருந்துச்சு. பண்ணயம் பாக்கறவங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு தெரியும், ஒரு வெள்ளாமை போனாலும் வட்டிக்குக் கடன் வாங்க ஓட வேண்டாம். ராத்திரி தூக்கம் வரும். நாப்பது அம்பது வருஷம் ராத்திரி தூங்கினவங்க உடம்பும் தூங்காதவங்க உடம்பும் ஒண்ணா இருக்காதுங்க.

அப்புறம் அவங்க காட்டுக்குள்ளயே அடைஞ்சும் கெடக்கல. 1950கள்ல கடைசி வாக்கில தேக்கம்பட்டி பஞ்சாயத்துல வார்டு மெம்பர், அதுக்கப்புறம் காரமடை ஒன்றியத்துல கவுன்சிலர். உள்ளாட்சியில பெண்களுக்கு இடஒதுக்கீடு கொண்டுவந்த 73வது அரசியல் சட்டத் திருத்தமே 1992லதான் வந்துச்சு, இவங்க அதுக்கு முப்பது வருஷத்துக்கு மேல முன்னாடியே ஜெயிச்சு வந்தவங்க. திமுகவுல பல வருஷம் இருந்தாங்க, 2024 செப்டம்பர்ல முப்பெரும் விழாவுல கட்சி அவங்களுக்கு பெரியார் விருது அறிவிச்சு கொடுத்துச்சு, அது நடந்து பத்தே நாள்ல, செப்டம்பர் 27ஆம் தேதி, போய்ச்சேந்தாங்க. நடுவுல கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோட பல வருஷத் தொடர்பு, அங்க நடக்கற கூட்டம் பயிற்சிக்கெல்லாம் போய் உக்காந்து கேள்வி கேக்கற ஆளு. எனக்கு இதுதான் அவங்க வாழ்க்கையில முக்கியமான இடம். எழுபது எம்பது வயசுக்கு மேலயும் "இந்தம்மாவைக் கூப்பிடுங்க, அவங்களுக்குத் தெரியும்"னு நாலு பேரு சொன்னாங்க. நம்ம வீட்டுல எழுபதைத் தாண்டினவங்களை யாராவது எதுக்காவது கேக்கறோமா?

வயசைப் பத்தி ஒரு வார்த்தை. செய்தியில 105ன்னாங்க, 108ன்னாங்க, 109ன்னாங்க. அந்தக் காலத்துல பொறந்தவங்களுக்கு சர்டிபிகேட்டுல தேதி இருக்காது, இன்ன வருஷப் பஞ்சத்துல பொறந்தேன், பெரிய வெள்ளம் வந்தப்ப எனக்கு இடுப்பளவு ஒசரம்னுதான் சொல்லுவாங்க. 1914 சித்திரைக்கு அப்புறம்னா அது ஆனந்த வருஷம், அறுபது வருஷம் சுத்தி மறுபடியும் ஆனந்த வருஷம் வந்தது 1974ல, அதையும் தாண்டி அடுத்த சுத்துல பெரும்பாதியைப் பாத்துட்டு குரோதி வருஷம் புரட்டாசியில முடிச்சிருக்காங்க. உலகம் பூராவும் நூறு தாண்டினவங்க கணக்குல பதிவேட்டுக் கோளாறு நிறைய இருக்குன்னு சால் நியூமன்னு ஒரு ஆராய்ச்சியாளர் காட்டினார், 2024ல அதுக்கு இக் நோபல்ங்கிற கேலிப் பரிசு கூடக் கொடுத்தாங்க. இந்தப் பாட்டி விஷயத்துல ரெண்டு வருஷம் முன்னப்பின்ன இருந்தாலும் நாம பேசறதுக்கு ஒண்ணும் கொறஞ்சு போகாது.

சரி, இப்ப உழைப்புக்கு வர்றேன்.

"அந்தக் காலத்துல எல்லாரும் உழைச்சாங்க, எல்லாரும் நூறு வயசு இருந்தாங்க"ன்னு சொல்றது நமக்கு ஒரு வியாதி. இவங்க பொறந்த காலத்துல, 1911லிருந்து 1921 வரைக்கும், இந்தியாவோட சராசரி ஆயுசு இருபதைச் சுத்தித்தான் இருந்துச்சு, 1918 விஷக்காய்ச்சல் (ஸ்பானிஷ் ஃப்ளூ) அவ்வளவு பேரை வாரிட்டுப் போச்சு. 1951ல கூட முப்பத்திரண்டுதான். இப்ப எழுபதுகிட்ட. சராசரி இருபதுன்னா இருபது வயசுல எல்லாரும் செத்தாங்கன்னு அர்த்தமில்ல, பொறந்த புள்ளைங்கள்ல பாதி தங்கல, பிரசவத்துல தாய் தங்கல, காலரா அம்மைன்னு ஊர் ஊரா காலியாச்சு, அதெல்லாம் தாண்டி வந்தவங்க அறுபது எழுபது பாத்தாங்க. அதாவது நாம பாக்கற பாட்டிங்க எல்லாம் சல்லடையில நின்ன தானியம். கீழ விழுந்ததை யாரும் எண்ணல, அதுவும் அதே காட்டுல வெளஞ்சதுதான்.

அடுத்தது, உழைப்புன்னா எந்த உழைப்பு? 1953ல லண்டன்ல ஜெரமி மாரிஸ்னு ஒரு டாக்டர் பஸ் டிரைவரையும் கண்டக்டரையும் ஒப்பிட்டுப் பாத்தார், நாள் பூரா மாடி பஸ்ல படி ஏறி இறங்கற கண்டக்டருக்கு, உக்காந்தே இருக்கற டிரைவரை விட மாரடைப்பு வர்றது கம்மியா இருந்துச்சு. உடம்பை அசைச்சா நல்லதுங்கிற பேச்சு அங்கிருந்துதான் பெருசாச்சு. நியாயமா பாத்தா அப்ப மூட்டை தூக்கறவங்களும் களை வெட்டறவங்களும்தானே அதிக நாள் இருக்கணும்? அங்கதான் சிக்கல். 2018ல பல ஆய்வுகளைச் சேத்துப் பாத்ததுல, வேலையில ரொம்ப உடம்பு உழைப்பு இருக்கற ஆம்பளைங்க சீக்கிரம் சாகறதுக்கான வாய்ப்பு, கம்மியான உழைப்பு இருக்கறவங்களை விட 18 சதவீதம் அதிகம்னு வந்துச்சு. தானா இஷ்டப்பட்டு நடக்கறது ஓடறது உடம்பைக் காப்பாத்துது, பொழப்புக்காக உடம்பை ஒடிக்கறது காப்பாத்தல. இதுக்கு உடல் உழைப்பு முரண்பாடுன்னே பேரு வச்சிருக்காங்க.

ஏன் அப்படின்னு காட்டுல நின்னு பாத்தவங்களுக்கு உடனே புரியும். எங்க ஆபீஸ் பக்கத்துத் தோட்டங்களுக்கு களைக்கொத்தோட வர்ற ஒரு அம்மா இருந்தாங்க, விடியக்காலைல சோறாக்கி வச்சுட்டு வருவாங்க, எட்டு மணிக்குக் குனிஞ்சா மத்தியானம் வரைக்கும் நிமிர முடியாது, நிமிர்ந்தா மேஸ்திரி பாப்பார். வெயில் ஏறுதேன்னு நிழலுக்குப் போக முடியாது, தாகமா இருந்தாலும் தண்ணி கம்மியாதான் குடிப்பாங்க, ஏன்னா ஒதுங்கப் போக எடம் கெடையாது. காய்ச்சல்னு ஒரு நாள் நின்னா அன்னிக்குக் கூலி இல்ல. அம்பத்தஞ்சு வயசுலயே முதுகு வில்லா வளைஞ்சு போச்சு. அதே தோட்டத்து சொந்தக்காரப் பாட்டியும் அதே வேலையைத்தான் செஞ்சாங்க, நான் பாத்திருக்கேன், கொத்தைப் பிடிச்சு நாலு பாத்தி வெட்டுவாங்க, வேப்பமரத்தடியில உக்காந்து வெத்தலை போடுவாங்க, மாட்டை மாத்திக் கட்டுவாங்க, மறுபடியும் ரெண்டு பாத்தி. யாரும் கேக்க முடியாது. அந்தப் பாட்டி தொண்ணூறைத் தாண்டினாங்க. ரெண்டு பேரும் வெட்டினது ஒரே களைதான்.

இதைத்தான் நான் மீதிப் பாதின்னு மேல சொன்னது. உழைப்பு எவ்வளவுங்கிறதை விட அந்த உழைப்போட கடிவாளம் யாரு கையில இருக்குங்கிறதுதான் ஆயுசைத் தீர்மானிக்குது. இங்கிலாந்துல வைட்ஹால்னு அரசு ஊழியர்களை வச்சு பல வருஷம் ஒரு ஆய்வு பண்ணாங்க, மைக்கேல் மார்மட் பேரு அதுல பெருசா அடிபடும், எல்லாருமே ஆபீஸ்ல உக்காந்து வேலை பாக்கறவங்கதான், ஆனா கீழ்மட்டத்துல இருக்கறவங்க மேல்மட்டத்துல இருக்கறவங்களை விட சீக்கிரமா செத்தாங்க, தன் வேலை மேல தனக்குப் பிடி இல்லாதவங்களுக்கு இதய நோய் அதிகமா வந்துச்சு. பாப்பம்மாள் பாட்டியை இந்தக் கண்ணோட பாருங்க. கடை சொந்தம், நிலம் சொந்தம், எந்தப் பயிரு எப்ப வைக்கறதுங்கிற முடிவு சொந்தம். தொண்ணூறு வருஷம் மேஸ்திரி இல்லாம உழைச்சவங்க. அந்தக் காலத்துல ஒரு பொம்பளைக்கு அது வாய்ச்சது அபூர்வம், அதுக்கு உழைப்போட அதிர்ஷ்டமும் தைரியமும் வேணும்.

இன்னொண்ணு, இதை யாரும் பேசி நான் கேட்டதில்ல. அவங்க தலைமுறைக்கு சின்ன வயசுல உழைப்பு கொடூரமா இருந்துச்சு, வயசாக வயசாக அதுவே லேசாகிட்டே வந்துச்சு. அவங்க பொறந்தப்ப நம்ம பக்கம் தோட்டத்துக்குத் தண்ணின்னா கவலை இறைக்கறதுதான், அதாவது மாடு கட்டிக் கிணத்துத் தண்ணியை மேல இழுக்கறது. ரெண்டு எருது, தண்ணி மொள்ளற தோல் பறி, வடக்கயிறு, கோழி கூவறதுக்கு முன்னாடி ஏறி உக்காந்தா சூரியன் உச்சிக்கு வர்ற வரைக்கும் முன்னும் பின்னும். 1932ல பைக்காரா மின்சாரம் வந்துச்சு, அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கோயமுத்தூர் சுத்துவட்டாரத்துக் கிணத்துல எல்லாம் மோட்டார் ஏறுச்சு. கரண்ட் கட்டணத்துக்காக விவசாயிங்க தலைவர் நாராயணசாமி நாயுடு காலத்துல, 1972ல, மாட்டுவண்டிகளை கோயமுத்தூர் டவுனுக்குள்ள கொண்டாந்து நிறுத்தினதெல்லாம் இன்னிக்கும் பெரியவங்க சொல்லுவாங்க. 1990ல எல்லா விவசாயிக்கும் கரண்ட் இலவசம்னு ஆச்சு. அப்ப இந்தப் பாட்டிக்கு 76 வயசு. எழுபத்தாறு வயசுல தண்ணி கட்டறதுன்னா சுவிட்சைப் போட்டு மடை திருப்பறதுன்னு ஆயிடுச்சு. எலும்பு கெட்டியாகற வயசுல கனமான வேலை, எலும்பு தேயற வயசுல மிஷின். இப்ப இருபது வயசுப் பசங்களுக்கு இது தலைகீழா நடக்குது, சின்ன வயசுல உக்காந்தே இருந்துட்டு நாப்பது வயசுல டாக்டர் சொன்னாருன்னு ஓட ஆரம்பிக்கறாங்க. (நானும்தான், எங்க வீட்டுல சிரிக்கறாங்க.)

அப்புறம் அவங்க செஞ்ச ஒரு காரியம், எனக்கு அவங்க மேல மரியாதை வந்ததே இதுலதான். வயசானதும் 10 ஏக்கரையும் கட்டிப்பிடிச்சுட்டு உக்காரல. பெரும்பகுதியை வித்துட்டு ரெண்டரை ஏக்கரை மட்டும் வச்சுக்கிட்டு அதுல வாழை, வெண்டைன்னு இயற்கை முறையில பண்ணாங்க, பத்மஸ்ரீயும் அந்த இயற்கை விவசாயத்துக்குத்தான். நம்ம ஊர்ல நிலத்தை விக்கறதுன்னா மானப் பிரச்சினை, அப்பன் பாட்டன் சொத்துன்னு, முடியாத வயசுலயும் எட்டு ஏக்கரை இழுத்துக்கிட்டு, ஆள் கெடைக்காம, கடனை வாங்கி, நெஞ்சுவலியோட போனவங்க எத்தனை பேரு. விக்க வேண்டாம், குத்தகைக்கு விடலாம், மகனுக்கு எழுதலாம், தென்னை போட்டுட்டு சும்மா இருக்கலாம். தன்னால எவ்வளவு முடியும்னு பாத்து நிலத்தைச் சுருக்கறது ஒரு தெறமை. அதே சமயம் பூச்சியமா ஆக்காம ரெண்டரையில நிறுத்தினதும் தெறமைதான். அந்த ரெண்டரை ஏக்கர்தான் அவங்களை காலையில எழுப்பிவிட்டிருக்கும்.

சாப்பாட்டைப் பத்தி பேட்டியில எல்லாரும் கேட்டாங்க, அவங்களும் மட்டன் பிரியாணி பிடிக்கும், காய்கறி நெறய, குடிக்கறதுக்கு சுடுதண்ணிதான்னு சொன்னாங்க. உடனே சுடுதண்ணி குடிச்சா நூறு வயசுன்னு வீடியோ போட்டுட்டானுங்க. அதுல எனக்கு நம்பிக்கை இல்ல. உலகத்துலயே பதிவேட்டுப்படி அதிக நாள் இருந்த மனுஷி பிரான்ஸ்ல இருந்த ழான் கல்மான், 1997ல போகும்போது 122 வயசு, வசதியான வீட்டம்மா, பொழப்புக்காக ஒரு நாளும் வேலைக்குப் போனவங்க இல்ல, நூறைத் தாண்டியும் சிகரெட் பிடிச்சவங்க. ஆம்பளையில ஜப்பான் கிமுரா, 116 வருஷம், தபால் ஆபீஸ்ல நாப்பது வருஷத்துக்கு மேல வேலை பாத்துட்டு, ரிட்டயர் ஆனதுக்கப்புறம் மகனோட சேந்து தொண்ணூறு வயசு வரைக்கும் விவசாயம் பண்ணவர். ஒருத்தரைப் பாத்து இன்னொருத்தர் காப்பியடிக்க முடியாது. பரம்பரைன்னு ஒண்ணும் இருக்கு, அது கடையில விக்காது.

ஆனா ஒரு விஷயம் எல்லா விவசாயிக்கும் பொதுவா கிடைக்கறது, அது கால் பலம். முப்பது வயசுக்கு மேல பத்து வருஷத்துக்கு 3லிருந்து 8 சதவீதம் வரைக்கும் தசை கரைஞ்சு போகும், அறுபதுக்கு மேல இன்னும் வேகமா. அதைத் தடுக்கறதுல முக்கியமானது, அந்தத் தசைக்கு வேலை கொடுக்கறது. குத்தவச்சு உக்காந்து பால் கறக்கறது, வரப்புல நடக்கறது, குனிஞ்சு சோளத்தட்டு அறுக்கறது, தரையில உக்காந்து சாப்பிட்டு எந்திரிக்கறது, இதெல்லாம் காசு கொடுத்துச் செய்யற எக்சர்சைஸ் மாதிரிதான். பிரேசில்ல 2012ல ரெண்டாயிரம் பேரை வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, 51லிருந்து 80 வயசுக்காரங்களைத் தரையில உக்காந்து எந்திரிக்கச் சொல்லி, கை முட்டி ஊணாம எந்திரிச்சவங்களுக்கும் ஊணி ஊணி எந்திரிச்சவங்களுக்கும் பின்னால எத்தனை பேரு செத்தாங்கன்னு பாத்தாங்க, ஊணினவங்க பக்கம்தான் சாவு அதிகம். உங்க அப்பாரு திண்ணையிலிருந்து எப்படி எந்திரிக்கறாருன்னு நாளைக்குக் கவனிச்சுப் பாருங்க.

இப்ப கெட்ட பக்கம். காடு ஆயுசைக் கொடுக்குது, எடுக்கவும் செய்யுது. பாம்புக்கடியில மட்டும் 2000லிருந்து 2019 வரைக்கும் இந்தியாவுல சுமார் 12 லட்சம் பேரு செத்திருப்பாங்கன்னு கணக்கு, வருஷத்துக்கு அம்பத்தெட்டாயிரம், பெரும்பாலும் கிராமத்துல, அதுவும் மழைக்காலத்துல. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலும்தான் முக்கியக் காரணம். ராத்திரி முறை வச்சு வர்ற கரண்டுக்கு டார்ச் இல்லாம மோட்டார் போடப் போறவருக்கு இது எழுதின விதி மாதிரி. அடுத்தது மருந்தடிக்கறது, முகத்துல துண்டைக் கட்டிட்டு காத்துக்கு எதிர்ல நின்னு அடிப்பாங்க, நான் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம், "இத்தனை வருஷமா அடிக்கறேன் சார், என்ன ஆயிடுச்சு"ம்பாங்க. என்ன ஆச்சுன்னு அம்பது வயசுக்கு மேல நரம்பும் நுரையீரலும் சொல்லும். கடன் கதை தனி. 2022ல மட்டும் விவசாயிகளும் விவசாயக் கூலிகளும் சேத்து 11,290 பேரு தற்கொலை பண்ணிக்கிட்டாங்கன்னு தேசிய குற்ற ஆவணக் காப்பகமே சொல்லுது. அவங்களும் உழைச்சவங்கதான், அதை மறந்துட்டு "உழைச்சா நூறு வயசு"ன்னு ஸ்டேட்டஸ் போடறதைப் பாத்தா எனக்குக் கோவம் வரும்.

சரி, உங்க அப்பாருக்கு வர்றேன். நிறுத்தாதீங்க. எண்பதுல நிறுத்தி வச்சு டவுன்ல பையன் வீட்டு மூணாவது மாடியில உக்கார வச்ச ஆளுங்களை நான் நிறைய பாத்திருக்கேன், மூட்டு பூட்டிக்கும், பேச்சு குறையும், எதுக்கெடுத்தாலும் எரிச்சல் வரும், அப்புறம் ஒரு நாள் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு ஒடியும். அந்த வயசுல இடுப்பு ஒடிஞ்சவங்கள்ல பலர் ஒரு வருஷம் தாண்டறதில்ல. காட்டுல விழுந்துடுவாருன்னு பயந்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து வீட்டுல விழ வைக்கறதுக்கு அவரு காட்டுலயே இருக்கட்டும்.

ஆனா வேலையைச் சுருக்குங்க, அவருகிட்ட சொல்லாம சுருக்குங்க. உரமூட்டை அவர் தோள்ல ஏறக்கூடாது, யூரியா மூட்டை இப்ப 45 கிலோ, அது எண்பத்துநாலு வயசு முதுகுக்கு ரொம்பவே ஜாஸ்தி. மருந்தடிக்கறதை அடியோட நிறுத்துங்க, அதுல பேச்சே வேண்டாம். மம்பட்டியை விட்டுட்டு சின்னக் களைக்கொத்தை எடுத்துட்டுப் போகச் சொன்னா சண்டைக்கு வருவார், அதனால மம்பட்டியையே லேசானதா, புடி நீளமானதா மாத்திக் கொடுங்க, குனியறது குறையும். சித்திரை வைகாசியில பத்து மணிக்கு மேல காட்டுல இருக்க வேண்டாம், வயசானவங்களுக்கு தாகம் தெரியறதே குறைஞ்சு போகும், நாக்கு வறண்டாலும் தண்ணி கேக்க மாட்டாங்க, அதனால சொம்புல மோரோ தண்ணியோ கையில கொடுத்தே அனுப்புங்க. சர்க்கரை, பிரஷர் மாத்திரை போடறாருன்னா வெறும் வயித்துல மாத்திரையைப் போட்டுட்டு காட்டுக்குப் போகவே கூடாது, நான் பாத்த மயக்கக் கேசுகள்ல பாதி அதுதான். பிரஷர் மாத்திரையில சிலது வெயில் நாள்ல உடம்பைத் தளர்த்திடும், அதை டாக்டர்கிட்ட "இவர் காட்டுக்குப் போறவர்"னு சொல்லிக் கேளுங்க, சொல்லலன்னா அவரு வீட்டுல உக்காந்திருக்கற பெரியவர்னு நினைச்சுத்தான் எழுதுவார்.

கண்ணைக் காட்டுங்க. கண்புரை வந்துட்டா வரப்பும் வாய்க்காலும் ஒண்ணாத் தெரியும், பாம்பும் கயிறும் ஒண்ணாத் தெரியும், அப்பாரு "எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது"ன்னுதான் சொல்லுவார், நம்பாதீங்க. புரை ஆபரேஷன் இப்ப அரை நாள் வேலை. அரசு முகாம்ல இலவசமாவே பண்றாங்க.

இன்னொண்ணு, அவரைக் கேளுங்க. அடுத்த போகம் என்ன வைக்கலாம், இந்த வாழைக்கு ஏன் இலை மஞ்சள் அடிக்குது, எந்தக் காத்து அடிச்சா மழை வரும்னு நிஜமாவே கேளுங்க, சும்மா பெரியவர் மனசு நோகக்கூடாதுன்னு கேக்காதீங்க, அது அவருக்குத் தெரிஞ்சுடும். அவரு சொன்னதுல ஒண்ணையாவது செஞ்சு பாருங்க. தப்பாப் போனா திட்டுங்க, அதுவும் ஒரு மரியாதைதான், சின்னப் பசங்களைத் திட்டற மாதிரி திட்டாம பங்காளியைத் திட்டற மாதிரி திட்டுங்க.

கடைசியா, நீங்க எழுதினதுல "மோட்டார் ரூமுக்குப் போற வழியில வாய்க்காலைத் தாண்டித்தான் போகணும், போன மாசம் ஒரு தடவை சறுக்கிட்டார்"னு ஒரு வரி இருந்துச்சு. இந்த ஞாயித்துக்கிழமை அவரு காட்டுக்குப் போறதுக்கு முன்னாடி நீங்க போய் அந்த எடத்துல ரெண்டு பலகைக்கல்லைப் பதிச்சு, கைக்குப் பிடிக்க ஒரு மூங்கில் நட்டுட்டு வந்துடுங்க. எதுக்குன்னு கேட்டார்னா எனக்குச் சறுக்குதுன்னு சொல்லிடுங்க.